கல்லூரியில் உடல் உறுப்பு தான விழிப்புணர்வு: தமிழ்நாட்டு மாணவர் அணிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐந்நூறு மாணவர்கள் உறுதிமொழிப் படிவம் நிரப்பினார்கள் என்று ஆண்டறிக்கையில் எழுதிவிடலாம். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் அதைச் சொன்னார்கள் என்று கேட்டால் பெரும்பாலான அணிகளிடம் பதில் இருக்காது. மூளைச்சாவு (மூளையின் செயல் மீளாமல் நின்றுபோன மரணம்) உறுதியான ஒருவரின் உறுப்புகளை எடுக்கலாமா என்ற கேள்வி நடைமுறையில் குடும்பத்தாரிடம்தான் வருகிறது. பிள்ளையின் விருப்பம் என்னவென்றே தெரியாத பெற்றோர், அந்த நேரத்துப் பதற்றத்தில் "வேண்டாம், எங்க புள்ளைய அப்படியே குடுத்துடுங்க" என்றுதான் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

எனவே இந்த வழிகாட்டியின் இலக்கு ஒன்றுதான். நிகழ்ச்சிக்கு வந்த மாணவர் இரண்டு வாரத்துக்குள் வீட்டில் இதைப் பற்றி ஒரு முறையாவது பேசியிருக்க வேண்டும். என்.எஸ்.எஸ்., ஒய்.ஆர்.சி., ரெட் ரிப்பன் கிளப் என்று எந்த அமைப்பின் பெயரில் நடத்தினாலும் திட்டத்தை இந்த இலக்கிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்.

முதலில் அணிக்குப் பாடம்

மேடை ஏறும் முன் அணியில் உள்ள ஒவ்வொருவருக்கும் மூன்று வகைத் தானங்களின் வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். கூட்டத்தில் வரும் குழப்பத்தில் பாதி இவற்றைக் கலந்து பேசுவதால் வருகிறது.

உறுப்பு தானம் என்பது இதயம், நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், கணையம், சிறுகுடல் ஆகியவற்றைத் தருவது. இறந்தபின் தரும் தானத்தைப் பொறுத்தவரை நம் நாட்டில் இது ஏறத்தாழ முழுக்க மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்தே நடக்கிறது. அதாவது, தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருக்கும்போது மூளைச்சாவு உறுதி செய்யப்பட்டவர்களால்தான் தர முடியும். வீட்டில் தூக்கத்தில் இறந்தவரின் இதயத்தையோ சிறுநீரகத்தையோ எடுத்துப் பயன்படுத்த முடியாது. இரத்த ஓட்டம் நின்றதுமே அவை கெடத் தொடங்கிவிடும்.

கண், தோல் போன்ற திசுக்களின் தானம் வேறு. வீட்டில் இறந்தாலும், இதயம் நின்று 6 மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குத் தகவல் தந்து எடுத்துவிட்டால் கருவிழி பயன்படும். கண்ணாடி அணிந்தவர், கண்புரை அறுவை செய்துகொண்டவர், சர்க்கரை நோயாளி, இரத்த அழுத்தம் உள்ளவர் எல்லாரும் தரலாம். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி மற்றும் சி, வெறிநாய்க்கடி நோய் போன்றவை இருந்தால் தர முடியாது.

மூன்றாவது உடல் தானம். மருத்துவ மாணவர்கள் உடற்கூறு படிப்பதற்காக முழு உடலையும் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுப்பது இது. கண்களைத் தானம் செய்த உடலை உடற்கூறியல் துறையினர் பொதுவாக ஏற்பார்கள். மற்ற உறுப்புகளை எடுத்த உடலையோ பிரேதப் பரிசோதனை செய்த உடலையோ பொதுவாக ஏற்பதில்லை. "நான் எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டேன்" என்று ஒரு மாணவர் பெருமையாகச் சொன்னால், எதை எழுதிக் கொடுத்தார் என்று கேளுங்கள். பல நேரம் அவருக்கே தெரியாது.

மூளைச்சாவு: நேரத்தை இதில் செலவிடுங்கள்

ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்ல நேரம் இருக்கிறது என்றால் இதைச் சொல்லுங்கள். உறுப்பு தானத்தின் மேல் உள்ள பயம் எல்லாம் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்: "நெஞ்சு ஏறி இறங்குது, உடம்பு சூடா இருக்கு, மானிட்டர்ல துடிப்பு ஓடுது. அப்புறம் எப்படிச் செத்துட்டார்ங்கறீங்க?"

காரணத்திலிருந்து தொடங்குங்கள். மண்டை ஓடு விரியாத எலும்புப் பெட்டி. விபத்தில் தலையில் அடிபட்டோ இரத்தக்குழாய் வெடித்தோ மூளை வீங்கினால், வீங்குவதற்கு உள்ளே இடமில்லை. உள்ளழுத்தம் ஏறிக்கொண்டே போய், இரத்தம் மூளைக்குள் ஏறும் அழுத்தத்தையே தாண்டிவிட்டால் மூளைக்கு இரத்த ஓட்டம் நின்றுவிடும். அடியில் இருக்கும் மூளைத் தண்டும் செத்துவிடும். மூச்சு விடச் சொல்லும் கட்டளை அந்தத் தண்டிலிருந்துதான் வருகிறது. அது போனபின் தானாக மூச்சு வராது; வென்டிலேட்டர்தான் காற்றை உள்ளே தள்ளுகிறது. இதயத்துக்குத் துடிப்பைத் தூண்டும் முடிச்சு அதற்குள்ளேயே இருப்பதால், ஆக்சிஜன் கிடைக்கும்வரை அது சில காலம் துடிக்கும். மருந்துகளால் எவ்வளவு தாங்கிப் பிடித்தாலும் பெரும்பாலும் சில மணி நேரத்திலோ சில நாளிலோ அதுவும் நின்றுபோகும்.

கோமாவில் இருப்பவர் உயிரோடு இருக்கிறார், மீளவும் வாய்ப்புண்டு. மூளைச்சாவு மரணம். இந்த இரண்டு வாக்கியங்களையும் அரங்கில் குறைந்தது மூன்று முறை சொல்லுங்கள். "பத்து வருஷம் கோமால இருந்து எந்திரிச்சாராமே" என்று யாராவது கேட்டால், அவர் மூளைச்சாவு அடைந்தவரே இல்லை என்பதுதான் பதில்.

அடுத்து, இதை யார் முடிவு செய்கிறார்கள் என்பது. சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும். மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவர், அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள தனி மருத்துவர் ஒருவர், நரம்பியல் மருத்துவர் அல்லது நரம்பியல் அறுவை மருத்துவர், சிகிச்சை தரும் மருத்துவர். நரம்பியல் மருத்துவர் இல்லாத இடத்தில், பட்டியலில் உள்ள மயக்கவியல் நிபுணர் போன்றோரை அமர்த்த 2011 சட்டத் திருத்தம் வழி செய்தது. மாற்று அறுவை செய்யும் அணியைச் சேர்ந்தவர் இந்த நால்வரில் இருக்கக்கூடாது. இந்த ஒரு வரியை அழுத்திச் சொல்லுங்கள். "உறுப்புக்காகச் சாகடிச்சுடுவாங்க" என்ற சந்தேகத்துக்கான நேரடிப் பதில் இதுதான்.

சோதனைகளை விவரமாகச் சொல்லத் தயங்க வேண்டாம், மாணவர்கள் அசையாமல் கேட்கும் பகுதி அது. மயக்க மருந்தின் தாக்கமோ உடல் மிகவும் குளிர்ந்துபோன நிலையோ இல்லை என்பதை முதலில் உறுதி செய்கிறார்கள். கண்மணியில் வெளிச்சம் அடித்துப் பார்க்கிறார்கள், சுருங்காது. கருவிழியைப் பஞ்சால் தொடுகிறார்கள், இமை அசையாது. காதுக்குள் ஐஸ் தண்ணீர் விடுகிறார்கள், கண் அசையாது. தொண்டைக்குள் குழாயை விட்டு உறிஞ்சுகிறார்கள், இருமல் வராது. கடைசியாக மூச்சுச் சோதனை. முழு ஆக்சிஜன் கொடுத்துவிட்டு வென்டிலேட்டரைக் கழற்றி, குழாய் வழியே ஆக்சிஜனை மட்டும் விட்டபடி, சுமார் எட்டு முதல் பத்து நிமிடம் நெஞ்சையும் வயிற்றையும் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது. அதன் அழுத்தம் 60 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் மூளைத் தண்டில் துளி உயிர் இருந்தாலும் ஒரு மூச்சாவது இழுத்துவிடும். இழுக்கவில்லை என்றால் சோதனை முடிவு உறுதி. இத்தனையும் ஒரு முறை போதாது. குறைந்தது 6 மணி நேரம் கழித்து முழுவதையும் இன்னொரு முறை செய்தபின்தான் படிவம் 10-இல் சான்றளிக்கிறார்கள்.

சட்டத்தில் மாணவருக்குத் தேவையான அளவு

மனித உறுப்புகள் மாற்று அறுவைச் சட்டம் 1994-இல் வந்தது. 2011-இல் திருத்தப்பட்டுத் திசுக்களும் சேர்க்கப்பட்டன. இப்போதைய விதிகள் 2014-இல் வந்தவை. தேசிய அளவில் நோட்டோ என்ற தேசிய உறுப்பு, திசு மாற்று அமைப்பு, தமிழ்நாட்டில் டிரான்ஸ்டான் என்ற உறுப்பு மாற்று ஆணையம். உறுப்பு வேண்டிக் காத்திருப்போர் பட்டியலும் எந்த உறுப்பு யாருக்கு என்ற ஒதுக்கீடும் டிரான்ஸ்டான் வழியே நடக்கின்றன. உறுப்பை விற்பதும் வாங்குவதும் 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும் 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உள்ள குற்றம்.

மாணவர் கையில் வருவது படிவம் 7. உயிரோடு இருக்கும்போது, "என் மரணத்துக்குப் பின் இன்னின்ன உறுப்புகளை எடுத்துக்கொள்ளலாம்" என்று எழுதும் உறுதிமொழி அது. இரண்டு நிபந்தனைகளைக் கவனியுங்கள். ஒன்று, 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். இரண்டு, இரு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், அவர்களில் ஒருவராவது நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும். சட்டம் சொல்லும் நெருங்கிய உறவினர் என்றால் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப் பிள்ளைகள். சித்தப்பாவும் மாமாவும் இதில் வரமாட்டார்கள். விடுதி அறைத் தோழர் எவ்வளவு நெருக்கமானாலும் இரண்டாவது சாட்சிதான்.

இதன் பொருள் என்னவென்றால், கல்லூரி அரங்கில் உட்கார்ந்து ஒரு மாணவர் படிவம் 7-ஐ முழுமையாக நிரப்பவே முடியாது. அணிகள் பலவும் இதைத் தொல்லையாக நினைத்து, இரண்டு நண்பர்களின் கையெழுத்தை வாங்கிப் போட்டுவிடுகின்றன. உண்மையில் உங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய வசதியே இந்த நிபந்தனைதான். படிவம் வீட்டுக்குப் போயே ஆக வேண்டும், அம்மாவோ அண்ணனோ படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். நீங்கள் நடத்த விரும்பும் உரையாடலைச் சட்டமே நடத்தி வைக்கிறது.

நோட்டோ இணையதளத்தில் ஆதார் வழியாகவும் உறுதிமொழி எடுக்கலாம். ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு வரும் ஓடிபி-யைப் போட்டால் சில நிமிடங்களில் வேலை முடிந்து அட்டை கையில் வந்துவிடும். வசதிதான். ஆனால் வீட்டுக்குத் தெரியாமலே முடிந்துபோகும் ஆபத்து இதில்தான் அதிகம் என்பதால், அரங்கில் கியூஆர் குறியீட்டைத் திரையில் போட்டு "எல்லாரும் இப்பவே ஸ்கேன் பண்ணுங்க" என்று சொல்ல வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வீட்டில் பேசியபின் செய்யச் சொல்லுங்கள்.

ஓட்டுநர் உரிமத்துக்கான விண்ணப்பத்திலும் உறுப்பு தான விருப்பம் கேட்கப்படுகிறது. முதலாம் ஆண்டு மாணவர்கள் எல்.எல்.ஆர். போடும் வயதில் இருப்பதால் இதையும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

ஆறு வாரத் திட்டம்

நாள் தேர்வு: ஆகஸ்ட் 3 இந்திய உறுப்பு தான நாள். 1994-இல் அதே தேதியில்தான் டெல்லி எய்ம்ஸில் நாட்டின் முதல் வெற்றிகரமான இதய மாற்று அறுவை நடந்தது. ஆகஸ்ட் 13 உலக உறுப்பு தான நாள். செப்டம்பர் 23-உம் தமிழ்நாட்டில் பொருத்தமானது. உறுப்பு தானம் செய்வோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2023-இல் அறிவித்தது அந்தத் தேதியில்தான். ஆனால் செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய மூன்று வாரத்தில் எந்த நாளையும் தொடாதீர்கள்.

முதல் வாரம்: 10 முதல் 12 பேர் கொண்ட அணி. துறைக்கு ஒருவராவது இருக்கட்டும், பெண்களும் ஆண்களும் சமமாக இருக்கட்டும். கல்லூரி முதல்வருக்கு எழுதும் அனுமதிக் கடிதத்தில், வருகை கட்டாயமில்லை, உறுதிமொழி கட்டாயமில்லை என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். பிற்பாடு யாராவது உற்சாகத்தில் "இன்டர்னல் மார்க் தரலாமே" என்று சொல்லும்போது இந்தக் கடிதம் காப்பாற்றும்.

இரண்டாம் வாரம்: பேச்சாளர். இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். பெயர் பெற்ற அறுவை நிபுணர் வந்தால் கூட்டம் சேரும். ஆனால் மாணவர் கேள்விகளுக்குப் பொருத்தமானவர் மாற்று அறுவை ஒருங்கிணைப்பாளர். ஐசியு வாசலில் குடும்பத்தோடு பேசுவதே அவர் வேலை. உறுப்பு மாற்று அனுமதி பெற்ற அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கல்லூரி முகப்புத்தாளில் கடிதம் எழுதுங்கள். அவரோடு ஐசியு மருத்துவர் ஒருவரும் வந்தால் வேறு யாரும் தேவையில்லை. தனியார் மருத்துவமனையிலிருந்து வருபவர் என்றால், மருத்துவமனை விளம்பரமும் கட்டணச் சலுகை அட்டையும் அரங்குக்குள் வராது என்று முன்பே பேசிவிடுங்கள்.

மூன்றாம் வாரம் அணிப் பயிற்சி. மேலே சொன்ன மூளைச்சாவு விளக்கத்தை ஒவ்வொருவரும் தாளைப் பார்க்காமல் ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்கட்டும். திணறுபவரைப் பதிவு மேசைக்கு மாற்றுங்கள், கேள்வி பதிலில் நிறுத்தாதீர்கள்.

நான்காம், ஐந்தாம் வாரங்களில் சுவரொட்டி, படிவ அச்சு, வகுப்பு வகுப்பாக அறிவிப்பு. 70 பேர் அமர்வுக்கு 80 துண்டறிக்கை, 80 படிவம் 7, கேள்விப் பெட்டி ஒன்று, வெள்ளைத் துண்டுச் சீட்டு 150, ஒரே நிறப் பேனா 80. பேனா ஒரே நிறத்தில் இருந்தால்தான் சீட்டை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. துண்டறிக்கையில் நோட்டோவின் கட்டணமில்லா எண் 1800114770 கண்டிப்பாக இருக்க வேண்டும். சுவரொட்டியில் இரத்தம், அறுவைப் படம், அழும் குழந்தை எதுவும் வேண்டாம். "வீட்டில் இறந்தால் இதயத்தைத் தானம் செய்யலாமா?" என்பது போன்ற ஒற்றைக் கேள்வியைப் பெரிய எழுத்தில் போட்டு, பதிலைப் போடாமல் விடுங்கள்.

ஆறாம் வாரம்: தொண்ணூறு நிமிட அமர்வு

800 பேரைக் கலையரங்கில் உட்கார வைப்பதைவிட 60 முதல் 80 பேராகப் பல அமர்வுகள் நடத்துவது மேல். பெரிய கூட்டத்தில் கேள்வி வராது, பின்வரிசையில் செல்போன்தான் ஓடும். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்துக்குள் முடியுங்கள், அல்லது முதல் நாள் தொடக்க விழாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

1. முதல் 10 நிமிடம், பெயர் எழுதாத ஆறு கேள்வித் தாள். சரி, தவறு என்று மட்டும் குறிக்க வேண்டும். கோமாவும் மூளைச்சாவும் ஒன்றே. வீட்டில் இறந்தவரின் சிறுநீரகத்தைத் தரலாம். வீட்டில் இறந்தவரின் கண்ணைத் தரலாம். 17 வயதில் படிவம் 7 நிரப்பலாம். உறுதிமொழி இருந்தால் குடும்பத்தைக் கேட்கமாட்டார்கள். உறுப்பு எடுக்கும் செலவைத் தானம் தரும் குடும்பம் ஏற்க வேண்டும். இவற்றில் கண் பற்றிய மூன்றாவது மட்டுமே சரி.

2. அடுத்த 25 நிமிடம் மூளைச்சாவு. ஐசியு மருத்துவர் பேசுவார். பவர்பாயின்ட்டில் பத்துப் படத்துக்கு மேல் போகக்கூடாது.

3. பத்து நிமிடம், ஒப்புதலுக்குப் பின் என்ன நடக்கிறது என்று ஒருங்கிணைப்பாளர் சொல்வார். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் 4 முதல் 6 மணி நேரம், கல்லீரலுக்கு 12 மணி நேரம்போல, சிறுநீரகத்துக்கு 24 மணி நேரமோ சற்று அதிகமோ என்று, எடுத்த உறுப்பைப் பொருத்தக் கெடு இருப்பதால்தான் பசுமை வழித்தடம் என்று சாலையைத் திறந்துவிடுகிறார்கள் என்பதை இங்கே விளக்கலாம்.

4. முப்பது நிமிடம் கேள்வி பதில். இதைக் குறைக்கவே கூடாது. கேள்விகளைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். கை தூக்கிக் கேட்பதைவிட மூன்று மடங்கு நேர்மையான கேள்விகள் வரும்.

5. கடைசி 15 நிமிடம், வீட்டில் எப்படிப் பேச்சை எடுப்பது என்ற பயிற்சி. இதைப் பற்றித் தனியாகச் சொல்கிறோம்.

சிபிச் சக்கரவர்த்தியையும் கண்ணப்ப நாயனாரையும் பேச்சாளர்கள் தவறாமல் அழைத்து வருவார்கள். வேண்டாமே. இருவரும் உயிரோடு இருக்கும்போது தம் உடலை அறுத்துக் கொடுத்தவர்கள். "உயிரோட இருக்கும்போதே அறுத்துடுவாங்களோ" என்று பயப்படும் மாணவரிடம் அந்தக் கதையைச் சொல்வது பயத்துக்குத் தீனி போடுவதுதான். அதேபோல "ஹெல்மெட் போடலைன்னா நீதான் அடுத்த டோனர்" என்ற நகைச்சுவை. கேட்பவர்களில் விபத்தில் உறவினரை இழந்தவர் ஒருவராவது இருப்பார்.

உதாரணம் தேவை என்றால் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த திருக்கழுக்குன்றத்துப் பள்ளி மாணவனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவன் பெற்றோர் தானமாகத் தந்தார்கள். இந்த மாநிலத்தில் பலரும் மூளைச்சாவு என்ற சொல்லைக் கேள்விப்பட்டதே அப்போதுதான். அவர்கள் எடுத்த முடிவைச் சொல்லுங்கள், அழ வைக்க முயலாதீர்கள்.

பெட்டியில் வரும் கேள்விகள்

"முகம் சிதைஞ்சுடுமா?" அறுவை அரங்கில் மற்ற அறுவைகளைப்போலவே செய்து தையல் போட்டுத்தான் உடலைத் தருகிறார்கள், முகம் மாறாது. ஆனால் உடல் கைக்கு வரப் பல மணி நேரம் ஆகும், சில நேரம் ஒரு நாள்கூட ஆகலாம். இதை மறைக்காதீர்கள், பின்னால் குடும்பம் கோபப்படுவது இந்தத் தாமதத்துக்காகத்தான்.

"பணக்காரங்களுக்குத்தானே போகும்?" இரத்த வகை, பதிவு மூப்பு, நோயின் அவசரம் ஆகியவற்றை வைத்து மாநிலப் பட்டியலிலிருந்து ஒதுக்குகிறார்கள். அரசு மருத்துவமனைகளிலும் மாற்று அறுவை நடக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் மாற்று அறுவைகள் உண்டு. தனியாரில் செலவு அதிகம் என்பதும் உண்மை, அதை ஒப்புக்கொண்டே பேசுங்கள்.

"விபத்துன்னா போலீஸ் கேஸ் ஆச்சே?" தானம் செய்யத் தடையில்லை. காவல்துறைக்குத் தகவல் தந்து, பிரேதப் பரிசோதனைக்கு இடையூறு வராதபடி எடுக்க விதிகளில் வழி இருக்கிறது.

"செலவு?" தானத்துக்கு ஒப்புக்கொண்டபின் உடலைப் பராமரிப்பதற்கும் உறுப்புகளை எடுப்பதற்கும் ஆகும் செலவைத் தானம் தரும் குடும்பத்திடம் வாங்கக்கூடாது. அதற்கு முந்தைய சிகிச்சைக் கட்டணம் வேறு கணக்கு. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் "எல்லாம் இலவசம்" என்று சொல்லிவிட்டால் அது பொய்யாகிவிடும்.

"யாருக்குப் போச்சுன்னு சொல்வாங்களா?" மாட்டார்கள். இரு தரப்பின் அடையாளமும் இரகசியமாக வைக்கப்படும்.

"அடுத்த ஜென்மத்துல கண்ணில்லாம பொறப்போமா?" என்ற சீட்டும் வரும். சிரிக்காதீர்கள், அரங்கையும் சிரிக்க விடாதீர்கள். அது பெரும்பாலும் மாணவரின் பாட்டி கேட்ட கேள்வியாக இருக்கும். நம்பிக்கையோடு வாதாடாமல், அவரவர் சமயப் பெரியவர்களிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் பேச்சை எடுக்கும் பயிற்சி

மாணவர்கள் நேரே "நான் செத்தா என் உறுப்புகளைக் குடுத்துடுங்க" என்று தொடங்குவார்கள். அம்மா "வாயைக் கழுவு" என்பார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். தன் சாவிலிருந்து தொடங்கக் கூடாது. கற்றுக்கொண்ட செய்தியிலிருந்து தொடங்கி, பெற்றோரின் கருத்தைக் கேட்க வேண்டும். இருவர் இருவராக அமரவைத்து, ஒருவர் பிள்ளையாகவும் மற்றவர் அம்மாவாகவும் பேசிப் பார்க்கட்டும். மாதிரிக்கு:

"அம்மா, இன்னைக்கு காலேஜ்ல ஒரு டாக்டர் வந்திருந்தாங்க. கோமாவும் மூளைச்சாவும் ஒண்ணுன்னுதான் நான் நினைச்சிட்டிருந்தேன். வேறயாம், உனக்குத் தெரியுமா?"

"சாப்பிடும்போது என்ன பேச்சு இது?"

"சரி, விடு. நம்ம சொந்தத்துல யாராவது கண் தானம் பண்ணியிருக்காங்களா?"

"உங்க பெரியப்பா மாமனார் பண்ணாரு. டாக்டர் வீட்டுக்கே வந்து எடுத்துட்டுப் போனாங்க."

"அப்ப பெரியம்மா என்ன சொன்னாங்க? உனக்கு அது சரின்னு பட்டுச்சா?"

கண் தானம் ஏற்கெனவே பழகிய விஷயம் என்பதால் அந்தக் கதவு எளிதில் திறக்கும். முதல் நாளே கையெழுத்துக் கேட்க வேண்டாம். அம்மா மறுத்தால் வாதாடவும் வேண்டாம். "என் விருப்பம் இது, உனக்குத் தெரிஞ்சிருக்கட்டும்" என்று சொல்லி நிறுத்தினாலே இந்த நிகழ்ச்சியின் நோக்கம் நிறைவேறிவிட்டது. 18 நிரம்பாத மாணவர் உறுதிமொழி எடுக்க முடியாது என்றாலும் இந்தப் பேச்சை எடுக்கலாம். அவருக்காக முடிவெடுக்கப்போவதும் பெற்றோர்தான்.

அணி கவனிக்க வேண்டிய ஆட்கள்

அரங்கில் அப்பா டயாலிசிஸில் இருக்கும் மாணவர் இருக்கலாம். போன மாதம் அண்ணனை ஐசியுவில் இழந்தவர் இருக்கலாம், தானத்துக்கு மறுத்துவிட்டு இன்றும் உறுத்தலோடு இருக்கும் குடும்பத்துப் பிள்ளையும் இருக்கலாம். தொடங்கும் முன்பே, "இடையில் எழுந்து போக விரும்புபவர்கள் தாராளமாகப் போகலாம், யாரும் காரணம் கேட்கமாட்டோம்" என்று அறிவித்து, கதவருகே அணியிலிருந்து ஒருவரை நிறுத்துங்கள். யாரையும் மேடைக்கு அழைத்து அனுபவம் பகிரச் சொல்லாதீர்கள்.

உறுதிமொழி எடுத்தவர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும், கையில் அட்டையோடு படம் எடுத்துக் கல்லூரிப் பக்கத்தில் போடுவதும் எடுக்காதவர் மேல் போடும் அழுத்தம்தான். நிரப்பிய படிவத்தில் இரத்த வகை, முகவரி எல்லாம் இருக்கும். படிவங்களைக் கல்லூரியில் குவித்து வைக்காமல், மாணவரே நோட்டோவுக்கோ டிரான்ஸ்டானுக்கோ அனுப்ப வழி சொல்லுங்கள். துறை அலமாரியில் கிடக்கும் கட்டு யாருக்கும் உதவாது. மனம் மாறினால் உறுதிமொழியைத் திரும்பப் பெறலாம் என்பதையும் படிவம் கொடுக்கும்போதே சொல்லுங்கள்.

இரண்டு வாரம் கழித்து

அதே ஆறு கேள்வித் தாளை, ஏழாவது கேள்வி ஒன்றைச் சேர்த்து மறுபடி கொடுங்கள்: "வீட்டில் யாரிடமாவது பேசினீர்களா? என்ன சொன்னார்கள்?" ஆண்டறிக்கைக்கு இரண்டு எண்கள் போதும். மூளைச்சாவுக் கேள்வியில் சரியாகச் சொன்னவர்கள் எவ்வளவு கூடினார்கள், வீட்டில் பேசியவர்கள் எத்தனை பேர். கோமா கேள்வியில் கால்வாசிப் பேருக்கு மேல் இன்னும் தவறாகச் சொன்னால் குறை விளக்கத்தில்தான். அடுத்த அமர்வுக்கு முன் அந்த 25 நிமிடத்தை மாற்றி அமையுங்கள். "வீட்டில் திட்டினார்கள்" என்ற பதில்கள் நிறைய வந்தால், வசதிப்படும் சனிக்கிழமை ஒன்றில் பெற்றோருக்கு என்று தனியாக 45 நிமிட அமர்வு வைத்து, அதே ஒருங்கிணைப்பாளரை அழையுங்கள்.

சில மாதம் கழித்து, இரவு நேரத்தில் அணியில் ஒருவருக்கு போன் வரலாம்: "எங்க மாமா ஐசியுல இருக்கார், மூளைச்சாவுங்கறாங்க, என்ன பண்றது?" அங்கே நீங்கள் ஆலோசகர் இல்லை. தானம் செய்யச் சொல்லவும் வேண்டாம், மருத்துவர் சொன்னதை மறுக்கவும் வேண்டாம். இரண்டாவது சோதனை முடிந்துவிட்டதா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள், அந்த மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளரைப் பார்க்கச் சொல்லுங்கள், 1800114770 எண்ணைக் கொடுங்கள். உடன் யாரும் இல்லை என்றால் மருத்துவமனைக்கு இருவராகப் போய் உட்காருங்கள்.